என் ஜிம்மும் நாதனின் கஞ்சியும்

மாக் மண்டின் தகர டப்பா தொழிற்சாலையில் எனக்குப் பிரிவுபசார விருந்து வைத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மேனேஜர் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். வாங்கும்போது என் கை நடுங்கியது. நன்றியில் நடுங்குகிறது என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். பயத்தில் நடுங்கியது.

முப்பத்தைந்து வருடம் தீவிலிருந்து ஃபெரி ஏறி, அக்கரையிலுள்ள மாக் மண்டினுக்கு வேலைக்குப் போனவன் இந்த இராயப்பன். வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. இனி நாள் முழுக்க வீடு. வீட்டில் பிரிஸில்லா.

பிரிஸில்லா என் மனைவி. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றாள். அவள் வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்கள்கூட நேராக நிற்பார்களாம். வார்டு போய்விட்டது, அதிகாரம் போகவில்லை. இப்போது ஒரே வார்டு எங்கள் வீடு, ஒரே நோயாளி நான்.

முதல் திங்கட்கிழமையே ஐஸ்பெட்டியில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. ஆறு மணிக்குச் சுடுதண்ணீர். ஆறரைக்கு பிரஷர். ஏழுக்கு பாசாரில் காய்கறி. எட்டுக்கு ஒட்டடை.

"பத்து மணிக்கு ஓய்வுன்னு போட்டிருக்கே, பரவால்லையே!" என்றேன்.

"அது எனக்கு."

அன்றைக்கே சபதம் எடுத்தேன். அவள் காலடி படாத ஓர் இடம் எனக்கு வேண்டும். சாப்பாட்டுக்கடை திறந்தால் ருசி பார்க்க வருவாள். புத்தகக்கடை திறந்தால் தூசி தட்ட வருவாள். ஆண்களுக்கான ஜிம் திறந்தால் எப்படி வருவாள்?

தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த கோகிலனைக் கூட்டுச் சேர்த்தேன். ஆணழகன் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவன். போட்டியில் கலந்துகொண்டதும் மூன்று பேர்தான். எங்கள் தீவிலேயே ஜார்ஜ்டவுனில், சந்தைக்குப் பின்னால், பழைய கடைவீட்டு மாடி ஒன்று கிடைத்தது. சேமநிதியில் ஒரு பங்கை பிரிஸில்லாவுக்குத் தெரியாமல் எடுத்தேன். இரும்பெல்லாம் வந்து இறங்கியது. பலகையும் வந்தது. மேலே சின்னதாக 'இரும்புக் கோட்டை'. கீழே பெரிதாக மலாயில் 'லெலாக்கி சஹாஜா', அதாவது ஆண்கள் மட்டும்.

"ஏண்ணே, ஜிம்மு பேரவிட இது பெருசா இருக்கு?" என்றான் கோகிலன்.

"அதுதான் தம்பி ஜிம்மு. மத்ததெல்லாம் சும்மா இரும்பு."

தினமும் மாலையில் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு காரணம் வேண்டுமே. புளுகினேன்.

"பிரிஸி, கோயில்ல நோயாளிங்கள பாக்கப் போற குழுவுல சேந்திருக்கேன்."

"நீங்களா? ஊசியப் பாத்தாலே மயங்கி விழுவீங்களே!"

"நான் எங்க ஊசி போடறேன்? சும்மா பேசிட்டு வருவேன்."

"யாருகிட்ட?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. "நாதன்கிட்ட" என்று வாயில் வந்துவிட்டது.

"எந்த நாதன்?"

"வயசானவரு. படுத்த படுக்கை."

"என்ன வியாதி?"

நர்ஸிடம் வியாதியின் பேரைச் சொல்லி மாட்டிக்கொள்ள நான் என்ன முட்டாளா? "எல்லா வியாதியும்தான்" என்றேன்.

பிரிஸில்லா என்னை மூன்று விநாடி பார்த்தாள். "பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மாலை நான் செருப்பு மாட்டும்போது கையில் ஒரு தூக்குச்சட்டியைத் திணித்தாள். "நாதனுக்குக் கஞ்சி. உப்பு இல்ல, எண்ண இல்ல. சட்டிய மறக்காம கொண்டாந்துருங்க லா."

ஜிம்மில் நானும் கோகிலனும் சட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.

"கொட்டிடலாம்ணே."

"சாப்பாட்ட கொட்டுனா பாவம் தம்பி. அதோட அவ கண்டுபிடிச்சிடுவா."

அவன் ஒரு வாய் வைத்தான். முகம் கோணியது. "இதுல ருசியும் இல்ல, புரோட்டீனும் இல்ல. நீங்களே குடிங்க."

குடித்தேன். ஜிம்முக்கு வெள்ளையடித்து இரும்பை மாட்டி முடிக்க இரண்டு மாதம்; தினமும் குடித்தேன். வீட்டுக்கு வந்தால் விசாரணை.

"நாதனுக்கு வெளிக்குப் போச்சா?"

"போச்சி."

"முதுகுல புண்ணு வந்திருக்கா? பொரட்டிப் போடறாங்களா?"

"நாந்தான் போடறேன்."

"நாளைக்கு நானும் வரேன்."

"ஐயோ, வேணாம்! பொம்பளைங்களப் பாத்தா அவருக்குக் கூச்சம்."

"படுத்த படுக்கையில என்னங்க கூச்சம்?"

"அதனாலதான் படுத்துட்டாரு" என்றேன். என்ன உளறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த இரண்டாம் மாதக் கடைசியில், ஞாயிறு பூசையில்தான் உயிர் போய் வந்தது. ஃபாதர் பேட்ரிக் வேண்டுதல் கருத்துகளை வாசித்தார். "நோயுற்றிருக்கும் நாதன் நலம் பெற வேண்டி, பிரிஸில்லா இராயப்பன் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி." கோயில் முழுக்க மண்டியிட்டு, இல்லாத ஓர் ஆளுக்காக உருகி ஜெபித்தது. என் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சே ஆடியது. பின்னால் இருந்த ஆலிஸ் அக்கா மூக்கைச் சிந்தி, "தம்பிக்கு நாதன் மேல எவ்ளோ பாசம்!" என்றார். நரகம் நிச்சயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயாவது அட்டவணை இருக்காது.

திறப்புவிழா அடுத்த சனிக்கிழமை. மந்திரிக்காமல் கடை திறக்கவும் பயம். ஃபாதரிடம் தனியாகப் போனேன்.

"தீர்த்தம் தெளிக்க வரணும் ஃபாதர். பிரிஸில்லாவுக்குத் தெரிய வேணாம். சர்ப்ரைஸ்."

"வரேன். நாதன் எப்படி இருக்காரு?"

"தேறிட்டு வராரு ஃபாதர்."

ஃபாதர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை.

சனிக்கிழமை ஃபாதர் தீர்த்தச் செம்போடு மாடியேறி வந்தார். அவர் வந்து நின்ற பிறகும் படிக்கட்டில் காலடிச் சத்தம் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கோயில் மாதர் சங்கம் மொத்தமும் டிராக் பேன்ட், கழுத்தில் துண்டு சகிதம் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் பிரிஸில்லா. கையில் தூக்குச்சட்டி.

"நாதன் எங்க?"

கோகிலன் டிரெட்மில்லுக்குப் பின்னால் ஒளிந்தான். எனக்கு ஒளிய இடமில்லை.

"பிரிஸி... எப்பத் தெரியும்?"

"மொத வாரமே தெரியும். நான் முப்பத்தெட்டு வருஷம் நர்ஸு. படுத்துக் கெடக்கறவரு உப்பில்லாத கஞ்சிய ஒரு பருக்க மிச்சம் வைக்காம குடிப்பாரா? குடிச்சிட்டு சட்டிய கழுவி வேற அனுப்புவாரா? மறுநாளே பின்னாலயே வந்து கீழ இருந்து பலகையப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

அவள் குரல் இறங்கியது. "ரிட்டையர் ஆனதும் நாக்காலியில உக்காந்துட்டு, ஆறே மாசத்துல என் வார்டுக்கு வந்த ஆம்பளைங்க எத்தன பேரு தெரியுமா? நீங்களும் அப்படி வந்துடுவீங்களோன்னு பயந்து செத்தேன். இப்ப தெனம் இந்த மாடி ஏறி எறங்கறீங்க. கஞ்சி குடிக்கறீங்க. பிரஷர் எறங்கிடுச்சி. நான் ஏன் கேக்கணும்?"

அவள் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது. அந்த வீட்டில் இத்தனை நாள் பயந்தது நான் மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "கோகிலா, இதுவரைக்கும் எத்தன ஆம்பளைங்க சேந்திருக்காங்க?"

டிரெட்மில்லுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "ரெண்டு பேருதான், அக்கா. நானும் அண்ணனும்."

"எங்கூட முப்பது பேரு வந்திருக்காங்க." பலகையில் 'லெலாக்கி' மேல் தாளை ஒட்டினாள். தாளில் 'வனித்தா'. இப்போது அது பெண்கள் மட்டும்.

"அப்ப கோகிலன்?"

"டிரெய்னர் ஆம்பள கணக்குல வராது. நீங்க அந்தக் கணக்குல வருவீங்க."

ஒரு நிமிடம் பலகையையே பார்த்தேன். அடுத்த நிமிடம் மூளை வேலை செய்தது. மாலை முழுக்க அவள் இங்கே. அப்படியென்றால் வீடு காலி! சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் தொங்கவிட்டேன். "சரி பிரிஸி. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்."

"வீட்டுலயா?" அவள் ஃபாதரைப் பார்த்தாள்.

ஃபாதர் அங்கியிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தார். "இராயப்பன், நீங்க நோயாளிங்க குழுவுல சேந்துட்டீங்கன்னு பிரிஸில்லா சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம். ஆளில்லாம தவிச்சிட்டிருந்தோம்."

பட்டியலில் பதினோரு பேர். முதல் பெயரை இரண்டு முறை படித்தேன். நாதன். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடு, ஏழாவது மாடி. "அன்னிக்குப் பூசை இவருக்குத்தான்" என்றார் ஃபாதர்.

மறுநாள் மாலை தூக்குச்சட்டியோடு போனேன்; லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போய்க் கஞ்சியைக் கொடுத்தேன். அசல் நாதன் ஒரு வாய் குடித்தார். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இத மனுஷன் குடிப்பானா? நீயே குடி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குடித்தேன். இந்த முறை புத்தியாக அடியில் நாலு பருக்கை மிச்சம் வைத்தேன். சட்டியைக் கழுவவும் இல்லை.

வீட்டில் பிரிஸில்லா மூடியைத் திறந்து பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நாளையிலேருந்து ரெண்டு சட்டி தரேன்" என்றாள். "உப்பு போட்டது நாதனுக்கு."