இருபத்தொன்பதாம் கட்டம்

ராஜகோபாலன் ஒரு பொய் சொன்னார். ரிடையர் ஆன நாள், ஆபீஸில் பிரிவுபசார விழா. கழுத்தில் மாலை, எதிரே மைக். அந்த நிலைமையில் யாருக்குமே ஒரு பொய் வரத்தான் செய்யும். "முப்பத்தஞ்சு வருஷமா ஒருநாள் விடாம டைரி எழுதறேன்" என்றார். கைதட்டினார்கள். மைலாப்பூர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவரே அதை நம்பிவிட்டார்.

உண்மை வேறு. ஆபீஸில் வருடா வருடம் கொடுக்கிற டைரியில் ஜனவரி ஒன்றாம் தேதி முத்து முத்தாக ஆரம்பிப்பார். ஒன்பதாம் தேதிக்குள் கை ஓய்ந்துவிடும். அந்த டைரிகளை நம்பினால், அவர் வாழ்க்கையில் ஜனவரி ஒன்பதுக்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் மதுவந்தி விழா வீடியோவைப் பார்த்தாள். "அப்பா, இதெல்லாம் பொக்கிஷம்பா!" என்று ஒரு வலைப்பதிவு அமைத்துக் கொடுத்தாள். பெயர் 'இதே நாளில்'. பழைய டைரியிலிருந்து அதே தேதிக்குரிய நினைவு, தினம் ஒன்று. 2024 ஜனவரி முதல் தேதி தொடக்கம். ஒன்பது நாள் ஜாம்ஜாமென்று நடந்தது. சொந்தக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், எதிர் ஃப்ளாட் ஜுவேரியா என்று எல்லோரும் படித்தார்கள். பத்தாம் தேதி காலையில் ராஜகோபாலனுக்கு வியர்த்துக் கொட்டியது. இன்றோடு மானம் போகப்போகிறது.

அன்றைக்குத்தான் மனைவி ஜலஜா, பொங்கலுக்கு வெண்கலப் பானை எடுக்க அவரைப் பரணில் ஏற்றினாள். பானைக்குப் பின்னால் சுருட்டிக் கட்டிய பழைய காலண்டர்கள். மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குக் கட்டம் ஜலஜாவின் பொடி எழுத்து.

'பால் ஒரு பாக்கெட் கம்மி.' 'சிலிண்டர் மாத்தினது.' 'தண்ணி லாரி வரலை. இவர் பத்துக் குடம் அடிபம்ப்பில் அடிச்சார். ஆபீஸுக்கு லேட்.' 'மதுவுக்கு முதல் பல்.' 'இவர் மழையில் நனைஞ்சுண்டு வந்தார். கையில் மல்லி. எதுக்குன்னு கேட்டேன், சொல்லலை.'

ராஜகோபாலன் பரணிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மழை அவருக்கு மறந்தே போயிருந்தது. மல்லியும் போயிருந்தது. அவர் தொலைத்த நாட்களையெல்லாம் இவள் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

"ஏன்னா, பானை கிடைச்சுதா?"

"தேடிண்டிருக்கேன்."

"அவ்ளோ பெரிய பானையையா?"

நெகிழ்ச்சி அரைமணி நேரம்தான் தாங்கியது. அப்புறம் புத்தி வேலை செய்தது. ஜலஜாவின் ஒரு வரியை நாற்பது வரியாக ஊதினார். 'அன்று மாட வீதியில் மழை. நெஞ்சில் ஜலஜா. கையில் மல்லி' என்று பதிவேற்றினார். டைரியிலிருந்து, என்று கீழே கூசாமல் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வாசலில் ஜுவேரியா. "அங்கிள், மல்லிப்பூ படிச்சு அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரர் அமீன்கிட்ட காட்டி, புருஷன்னா இப்படி இருக்கணும்னு சொன்னேன். அவர் இப்ப உங்க மேல செம கோவத்துல இருக்கார்."

அடுக்களையிலிருந்து ஜலஜா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு அர்த்தம் இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புகழ் காதை அடைத்திருந்தது.

பிப்ரவரி நடுவில் காலண்டர்கள் பீரோ மேலே இறங்கி வந்திருந்தன. தூசி தட்டி, வருட வரிசையில்.

"பரண்ல ஒட்டடை அடிச்சேன். இந்தக் குப்பையைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாமா?"

"வேண்டாம், வேண்டாம்! அலமாரியில விரிக்க ஆகும்."

"அதுவும் சரிதான்" என்றாள் ஜலஜா, சாதுவாக.

பிப்ரவரி இருபத்தொன்பது வந்தது. தொண்ணூற்றிரண்டில் சிலிண்டர். தொண்ணூற்றாறிலும் சிலிண்டர். இரண்டாயிரத்தில் பால் கம்மி. சிலிண்டரை வைத்து எத்தனை வரி ஊத முடியும்? கையில் கிடைத்ததையெல்லாம் புரட்டினார். தொண்ணூற்று மூன்றில், கடைசி வரிசையில் மாட்டியது புதையல்.

'இவர் என் கையைப் பிடிச்சுண்டு சொன்னார்: நான் ரிடையர் ஆனதும் ராத்திரிச் சமையல் என்னோடது. நீ சாயந்திரம் பார்க்குக்குப் போய்க் காத்து வாங்கு. இது சத்தியம்.'

தேதி எண் கொஞ்சம் கோணலாக இருந்தது. பழைய அச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். சத்தியம் செய்ததாக ஞாபகமில்லை. மல்லி மட்டும் ஞாபகம் இருந்ததா என்ன? ஜலஜா இந்தப் பதிவெல்லாம் படிக்கிறவளும் இல்லை. பத்து மணிக்குப் பதிவேற்றினார். 'சொன்ன சொல் தவறாதவன் நான்' என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தார்.

மத்தியானத்துக்குள் அறுபத்து நாலு பேர் பாராட்டினார்கள். மதுவந்தி போன் செய்து, "அப்பா, இன்னிக்கு என்ன டிபன் பண்ணப்போறேள்?" என்றாள். ஜுவேரியா அவருக்குச் சமையலறைக் கையுறை ஒரு ஜோடி பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயந்திரம் ஐந்துக்கு ஜலஜா சுங்குடிப் புடவையும் கைப்பையுமாக வந்து நின்றாள்.

"நாகேஸ்வரராவ் பார்க்குக்குக் கிளம்பறேன். அடைக்கு ஊறப் போட்டிருக்கேன். அரைச்சு வார்க்கறது உங்க பாடு."

"எப்ப ஊறப் போட்டே?"

"கார்த்தால. நீங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடியே."

ராஜகோபாலனுக்கு மெல்ல மெல்ல விடிந்தது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை!"

"உங்க டைரியில இருக்கே. ஒருநாள் விடாம எழுதற டைரி."

"அது டைரி இல்லை. உன்னோட காலண்டர்..."

"ஓ, என் காலண்டரா? அப்ப அதையும் ஒரு பதிவாப் போட்டுடுங்கோ. மல்லிப்பூ யார் எழுதினதுன்னும் சேர்த்துப் போடுங்கோ. ஜுவேரியா படிக்கட்டும்."

ராஜகோபாலன் கையுறையை எடுத்தார்.

"முப்பது வருஷம் தினம் உட்கார்ந்து எழுதினவ நான். பேர் உங்களுக்கு. வலைப்பதிவுன்னா என்னன்னு மது சொன்னப்போ புரியலை. இப்பத்தான் புரியறது. வலை என்னுது. பதி நீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே இருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்: "மல்லி நிஜம்தானே, ஜலஜா?"

அவள் முகம் ஒரு நிமிஷம் அந்தக் காலத்துக்குப் போய்விட்டு வந்தது. "அது நிஜம். தொப்பலா நனைஞ்சுண்டு வந்து நின்னேள். எதுக்கு வாங்கினேள்னு இன்னி வரைக்கும் சொல்லலை."

அவர் யோசித்துப் பார்த்தார். வரவில்லை. அந்த மழையில் ஒரு சொட்டுகூட ஞாபகம் வரவில்லை. ஆனால் அவர்தான் வாங்கினார் என்பதே போதுமாக இருந்தது. கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"அப்ப இந்தச் சத்தியமும் நிஜம்தானா?"

ஜலஜா செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"தொண்ணூத்திமூணுல பிப்ரவரிக்கு இருபத்தெட்டே நாள்தான். அடை மொறுமொறுன்னு வரணும்."