பார்க்க வேண்டிய முகம்

வலியைத் தீர்க்கும் ஆஸ்பத்திரிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வலியைப் பக்குவமாகப் பாதுகாத்து அடுத்த தலைமுறை மருத்துவர்களிடம் ஒப்படைக்கும் பெருமை அந்த ஒரு ஆஸ்பத்திரியின் மூட்டுவாதப் பிரிவுக்கே உண்டு.

பிரிவின் செல்லப்பிள்ளை, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த தையல்கார அம்மாள். விரல் கணுக்கள் புசுபுசுவென்று வீங்கி, மணிக்கட்டு இரண்டும் சிவந்து, பாடப்புத்தகத்துப் படமே எழுந்து வந்து உட்கார்ந்தது போல இருப்பார். "இப்படி ஒரு கை கிடைக்க நாம கொடுத்து வெச்சிருக்கணும்," என்று பேராசிரியர் உருகுவார். உடனே மாணவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொரு கணுவாக அமுக்குவார்கள். அமுக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. எல்லோரும் பார்த்தார்கள், பேராசிரியரின் முகத்தை.

இந்த நுட்பம் பிடிபடாத மாணவி ஒருத்தி இருந்தாள். இதே பாடத்தில் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டவள். இந்தத் தடவையாவது தேறிவிடுவாள் என்று அவள் அப்பா 'டாக்டர்' என்று பெயர்ப்பலகை எழுதி வாங்கி, துணி சுற்றிப் பரணில் வைத்திருந்தார்.

தேர்வன்று காலை அம்மாள் தண்ணீர் டம்ளரை இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். மாணவி நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், இவங்களுக்கு மாத்திரை கொடுக்கலையா?"

"பரீட்சை முடியட்டும்மா. கொடுத்தா வீக்கம் வத்திடும். அப்புறம் நீங்க எதைத் தொட்டுப் பாஸ் பண்றது?"

"வலிக்குமே."

"அதுக்குத்தானே ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்துக்கறோம்."

இவ்வளவு தொலைநோக்குள்ள நிர்வாகத்தை எங்கே போய்த் தேடுவது?

தேர்வு தொடங்கியது. மாணவி ஒரு கணுவை அமுக்கினாள். பழக்கதோஷம், அம்மாளின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தாள். அம்மாளின் கண்ணில் நீர் முட்டியது. இவள் கையை எடுத்துவிட்டாள்.

"என்னம்மா தெரியுது?" என்றார் பேராசிரியர்.

"ரொம்ப வலி சார்."

"வலி அவங்க சொல்றது. நீ என்ன கண்டுபிடிச்ச?"

"மாத்திரையை நிறுத்தி வெச்சிருக்கறதைக் கண்டுபிடிச்சேன் சார்."

கண்டுபிடிப்புகளில் இது சேராது என்று ஒருமனதாக முடிவாகி, மாணவி 'கருணையோடு' தோற்கடிக்கப்பட்டாள். பேராசிரியர் நல்ல மனிதர். "அடுத்த மாசம் மறுதேர்வு. பழகின கேஸையே உனக்கு வெச்சுத் தரேன். அது வரைக்கும் மாத்திரை வேணாம்னு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்," என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

மாணவி கட்டிலருகே போய்த் தலைகுனிந்து நின்றாள்.

"உனக்கு நல்ல மனசு தாயி," என்றார் அம்மாள். "ஆனா நீ இரக்கப்பட்டா எனக்கு மாத்திரை தள்ளிப்போகுது. அடுத்த தடவை என் மூஞ்சியப் பாக்காம அமுக்கிடு. நான் சீக்கிரம் ஊசி பிடிக்கணும். கடையப் பூட்டிப்போட்டு வந்திருக்கேன்."

மறுதேர்வில் மாணவி அமுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, விதிப்படி, பேராசிரியரின் முகத்தையே பார்த்தபடி, ஒரு கணு விடாமல் அமுக்கினாள். கீழே ஏதோ முனகல் கேட்டது. மேலே அந்த முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அருமையான வீக்கம் சார்."

"இப்பத்தாம்மா நீ டாக்டர்," என்று பேராசிரியர் உருகினார். அறையே கைதட்டியது. தையல்கார அம்மாளுக்கும் தட்ட ஆசைதான், கை ஒத்துழைக்கவில்லை. அப்பாவின் பலகை அன்றே பரணிலிருந்து இறங்கிவிடும்.

"டாக்டர்," என்று மரியாதையாக அழைத்தார் அம்மாள். "இப்பவாவது எனக்கு மாத்திரை குடுக்கச் சொல்றீங்களா?"

புது டாக்டர் வாயைத் திறந்தாள். பிறகு, பதில் சொல்லும் முன், பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள்.