மாமியின் பெயருக்கு மூன்று சந்தர்ப்பம்

ஒஸ்லோவின் அம்மருட்டில் தமிழர் யாருக்கு என்ன படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். (அப்படியொரு நினைப்பு எனக்கு.) அந்த நினைப்பு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு ஒழிந்தது.

மனைவி சுமதிக்கு ஏழு மாதம். பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வரவேண்டும். இணையத்தில் விசாக் கணக்குத் திறந்து கடவுச்சொல் போட்டது நான். மாமியின் விபரங்களை நிரப்பியது சுமதி. அன்று நாலு மணிக்குள் ஒரு கடிதம் ஏற்றாவிட்டால் விண்ணப்பம் ரத்து. கடவுச்சொல்லோ மறந்துபோச்சு. ஒருத்தரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று அவ்வளவு கெட்டித்தனமாகப் போட்டிருந்தேன்.

புதியது வேண்டுமென்றால் விண்ணப்பதாரரின் முழுப்பெயரைத் தரச் சொன்னது இணையத்தளம். மூன்றே மூன்று சந்தர்ப்பம்.

 எனக்கு அவர் மாமி, ஊருக்குப் பேபியக்கா. அதற்குமேல் நான் கேட்டதேயில்லை. பாஸ்போட் பிரதி சுமதியின் போனில், போன் வேலையிடத்து லாக்கருக்குள். ‘பேபி’ என்று அடித்தேன். பிழை. ஓடிப்போய் எங்கள் கலியாண அழைப்பிதழை எடுத்தேன். ‘திரு. திருமதி சிவபாதம்’ என்றிருந்தது. (மாமாவின் பெயரைப் போட்டு மாமியை மூடிவிட்டார்கள்.) ‘பேபி சிவபாதம்’ என்றேன். அதுவும் பிழை.

மிச்சம் ஒன்று. மாமிக்குப் போன் எடுத்தேன். நேரே கேட்க வெட்கமாக இருந்தது.

“மாமி, உங்கட பேரை இங்கிலீசில எப்பிடி எழுதுறனீங்கள்?”

“நீங்கள் எப்பிடித் தம்பி எழுதினீங்கள்?”

“அது வந்து மாமி...” என்று இழுத்தேன். மாமிக்கு விளங்கிவிட்டது.

“என்ர பிள்ளையைக் கட்டி ஆறு வருசம். என்ர பேர் தெரியாதோ உங்களுக்கு?”

நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது. (ஒஸ்லோவில் அந்த மாதம் நிலமும் பிளக்காது, பனியில் இறுகிக் கிடக்கும்.) பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொன்னார்: ஞானாம்பிகை. கடிதம் ஏறியபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மாமி வந்தார். விமான நிலையத்தில் மகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

“வணக்கம் தம்பி. நான் ஞானாம்பிகை.”

சுமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, மாமி வந்து சேர்ந்துவிட்டாரே.

ஊர் திரும்பிய மாமி இப்போதும் அங்கிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் அதே அறிமுகம்தான். கேட்டுக் கேட்டு, அன்று வயிற்றிலிருந்து இப்போது நாலு வயதான மகளும் அவரை ஞானாம்பிகை என்றே கூப்பிடுகிறாள். பெரியவர்களைப் பெயர் சொல்லக் கூடாது, அம்மம்மா என்று சொல் என்று ஒருநாள் திருத்தப் போனேன்.

“விடுங்கோ தம்பி,” என்றார் மாமி. “பிள்ளையாவது என்ர பேரைத் தெரிஞ்சு வச்சிருக்கட்டும்.”