பாதி நெல்லிமரத்துக்காரனின் மறுப்பு

உயர்திரு ஆசிரியர் அவர்களுக்கு,

காமயகவுண்டன்பட்டி ஈஸ்வரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. காரணம் தங்கள் பத்திரிகைதான்.

சென்ற இதழில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சுருளியாண்டியின் வண்ணப்படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். எழுபது வயதில் கருகருவென்று முடியாம், பளபளக்கும் முகமாம், எல்லாம் அவர் தோட்டத்து நெல்லிமரத்தின் புண்ணியமாம். ஐயா, அந்த மரம் நடுவரப்பில் நிற்கிறது. கிழக்குப் பாதி அவருக்கு, மேற்குப் பாதி எனக்கு. அவரைப் போலவே நானும் அந்தக் காயைத் தேனில் ஊறவைத்துத் தின்றேன், சாறு குடித்தேன், எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். அவருக்கு முடி வந்தது, எனக்கு இருந்ததும் போனது. சாயம் பூசுகிறாரோ என்று கொடியில் காய்ந்த அவர் தலையணை உறையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டேன். பாழாய்ப்போன நெல்லி எண்ணெய்தான் மணக்கிறது.

அவரைவிட நான் இளையவன் ஐயா! கம்பத்திலிருந்து நாங்கள் இருவரும் டவுன் பஸ்ஸில் வரும்போது ஒரு பெண் எழுந்து, “தாத்தா, நீங்க உக்காருங்க, அண்ணே நின்னு வரட்டும்” என்கிறாள். அந்த அண்ணனும் சிரித்துக்கொண்டே நிற்கிறார். வயிறு எரியாதா? இதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் என் மனைவி உமாதேவி அந்தப் படத்தைக் கத்தரித்து எங்கள் வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். கேட்டால், “நீங்களுந்தேன் தின்னீக. மனசு சுத்தமா இருந்தாத்தேன் ஒடம்புல ஒட்டும்” என்கிறாள். இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்தவள் சொல்கிற பேச்சா இது? தண்ணீர் எடுக்கப் போனால் அவர் முகத்தில்தான் விழிக்கிறேன்.

ஆகவே, நெல்லிக்காய்க்கும் சுருளியாண்டியின் தலைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று அடுத்த இதழில் மறுப்பு வெளியிட வேண்டும்.

தங்கள் பத்திரிகை தழைத்தோங்கச் சுருளி வேலப்பரை வேண்டும்,
ஈஸ்வரபாண்டி

பி.கு.: மறுப்பு வேண்டாம். அந்தக் கட்டுரையையே இன்னொரு முறை போடவும். இன்று காலை குமுளியிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்துவிட்டார்கள். சுருளியாண்டி பக்கத்துக் காய் தீர்ந்து, எங்கள் பக்கத்துக் காயைக் கூடையில் வைத்து உமாதேவி விற்கிறாள். கூடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னையும் உட்கார வைத்திருக்கிறாள். “அந்தா நிக்காகளே, அவுக தெனமும் தின்னாக. இந்தா உக்காந்திருக்காகளே, இவுக வாயிலயே வைக்கல” என்று வருகிறவர்களிடம் கைகாட்டிச் சொல்கிறாள். வெயிலுக்குத் தலையில் துண்டு போடவும் விடமாட்டேன் என்கிறாள்.