பாராசூட் கயிறும் கூடத்து அலமாரியும்

இந்தத் தடவை முடித்தே தீருவது என்று கண்ணாடிக்காரர் சபதம் போட்டார். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவர். அவர் ஒரு சபதம் போட்டால் வீட்டில் ஒரு அட்டைப்பெட்டி கூடும். மீன்தொட்டிக்கு ஒன்று, கம்பி அறுந்த கிட்டாருக்கு ஒன்று, நிலாவைத் தவிர எல்லாவற்றையும் காட்டிய தொலைநோக்கிக்கு ஒன்று. கூடத்து அலமாரி முழுக்க அரைகுறைச் சபதங்கள்தான். போர்வை வைக்க இடமில்லாமல் மனைவி சோபாவின் மேல் அடுக்கி வைத்திருந்தாள். உட்கார வருகிறவர்கள் மலையேற வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு ஆரஞ்சு நிறக் கயிற்றுச் சுருளோடு வந்தார். லாரி ஆபீஸில் பார்சல் பிரிவில் வேலை பார்க்கும் மனைவி அதை விரலால் ஒருமுறை உருட்டிப் பார்த்தாள்.

"கொடி கட்டவாங்க?"

"கொடியா! பாராசூட் கயிறும்மா இது. ஒரு ஆளோட எடையைத் தாங்கும்."

"அதை நான் கயிறில்லாமலேயே தாங்கிட்டிருக்கேனே."

"இதுல கைக்காப்பு பின்னுவாங்க. மாடி வீட்டு ஜிம் மாஸ்டர் போட்டிருக்காரே, பாத்ததில்ல? காட்டுல மாட்டிக்கிட்டா காப்பைப் பிரிச்சாப் போதும். ஒம்பது அடி கயிறு கையில!"

"நீங்க எந்தக் காட்டுக்குக் கிளம்பறீங்க?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

"நானும் பேச்சுக்குச் சொல்றேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு காப்பு முழுசா என் கண்ணு முன்னால இருக்கணும். இருந்தா அலமாரி உங்களுது, நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா போர்வை உள்ள, உங்க மீன்தொட்டி வெளிய."

வாயே திறக்க மாட்டாளாமே! கண்ணாடிக்காரருக்கு அலமாரியைவிட அது பெரிய பரிசாகத் தெரிந்தது. சம்மதித்தார்.

செல்போனில் ஒரு ஆள் பின்னிக் காட்டினான். இடது, வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி முடிச்சுப் போட வேண்டும். நம்மவர் இடதையே போட்டுக்கொண்டு போனார். காப்பு திருகாணி மாதிரிச் சுருண்டது. பிரித்தார். மறுபடி பின்னினார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒருவழியாக நேராக வந்தது. மணிக்கட்டை அளந்த அளவு ஒரு நூல் கூடாமல் குறையாமல் பின்னியிருந்தார். இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் க்ளிப். கயிற்று நுனி பிரியாமலிருக்க லைட்டரால் உருக்கி அழுத்தச் சொன்னான் செல்போன் ஆள். அழுத்தினார். கயிற்றோடு சேர்ந்து க்ளிப்பும் கொஞ்சம் உருகியதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையிலா இருந்தார்? சூடு ஆறுமுன் கையில் மாட்டி அழுத்தினார். டக்!

அந்த டக்கோடு சரி. க்ளிப் ஒட்டிக்கொண்டது.

சோப்புப் போட்டார், எண்ணெய் தடவினார், பல்லால் கடித்தார். காப்பு ஜம்மென்று இருந்தது, கைதான் சிவந்துகொண்டே வந்தது. அவர் பீரோவிலிருந்து முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள எதுக்குங்க முழுக்கைச் சட்டை?"

"குளுருது."

"நெத்தியெல்லாம் வேர்க்குதே?"

"உள்ளுக்குள்ள குளுருது."

"காப்பு என்னாச்சு?"

சட்டைக் கையை மடித்து ராஜா மாதிரி நீட்டினார். மனைவி பார்த்தாள். உண்மையிலேயே அவளுக்குப் பிடித்திருந்தது.

"நல்லாத்தான் பின்னியிருக்கீங்க. கழட்டிக் குடுங்க, பாக்கறேன்."

"போட்ட காப்பைக் கழட்டக் கூடாது."

"விரல் ஏன் கத்திரிக்காய் கலர்ல இருக்கு?"

கண்ணாடிக்காரரின் வீரம் அங்கே முடிந்தது. "கழட்ட வரலம்மா," என்றார் சின்னக் குரலில். "விரல் மரத்துப் போச்சு. பயமா இருக்கு."

அவள் எழுந்ததும் அலறினார். "கத்திரிக்கோல் வேண்டாம்! வெட்டினா அலமாரி போச்சு!"

"வெட்டலேன்னா கை போச்சு. சும்மா இருங்க, வெட்ட மாட்டேன். காட்டுலதானே மாட்டிக்கிட்டீங்க? பிரிச்சிடலாம்."

கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். உருகி ஒட்டியிருந்த நுனியை நெம்பினாள். பிறகு விரல்கள் ஓடின. அவருக்கு ஒரு ராத்திரியும் ஒரு காலையும் பிடித்த பின்னல் இரண்டு நிமிஷத்தில் மடமடவென்று அவிழ்ந்தது. கயிறு தளர்ந்து கை வெளியே வந்தது. ரத்தம் விறுவிறுவென்று விரல் நுனிக்குப் பாய்ந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா! ஐந்து விரலையும் மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி எண்ணிக்கொண்டார். எல்லாம் இருந்தன. அலமாரி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்கு மறந்து போனது.

மனைவிக்கு மறக்கவில்லை. மணி பன்னிரண்டு அடித்தது.

"காப்பு எங்கங்க?"

"இதோ உன் கையில..."

"இது ஒம்பது அடி கயிறு."

சாப்பாட்டுக்கு முன் பெட்டிகள் பால்கனிக்குப் போயின, போர்வைகள் உள்ளே போயின. முகம் தொங்கிப்போய் நின்றவரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. அலமாரியின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து அந்த ஆரஞ்சுக் கயிற்றால் கட்டினாள்.

"இந்தாங்க, இன்னொரு வாய்ப்பு. இதை அவிழ்த்துட்டீங்கன்னா அலமாரி உங்களுக்கே. ஒரு வாரம் டைம். கத்திரிக்கோல் கூடாது."

கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. ஒரே ஒரு முடிச்சுதானே! பதினெட்டு வருஷமாக அவள் கட்டிய பார்சல் எதுவும் வழியில் அவிழ்ந்ததில்லை என்பது, புதன்கிழமை இரண்டு நகம் உடைந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறு ஜிம் மாஸ்டர் வந்தார். அலமாரியைப் பார்த்து அசந்து போனார்.

"அடேயப்பா, என்ன முடிச்சு சார்! நீங்க கயிறு பின்ன ஆரம்பிச்சு ஒரு வாரம்தானே ஆச்சு? நீங்க போட்டதா?"

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"ஆமா மாஸ்டர்."

"ஒரே ஒரு தடவை அவிழ்த்துக் கட்டிக் காட்டுங்களேன். நானும் கத்துக்கறேன்."

கண்ணாடிக்காரர் உடைந்த நகங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மனைவிதான் காப்பாற்றினாள்.

"அவர் கட்டினா கட்டினதுதான் சார்," என்றாள் அவள். "அவிழ்க்கவே மாட்டார்."