மாடி வீட்டு மரங்கொத்தி

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே லென்ஸ்காரர் ஒரு பெரிய முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் இன்னொரு ஆம்பிளை எடுத்த போட்டோவைப் பார்த்து யாரும் 'அடேயப்பா' என்று சொல்லக்கூடாது.

யாரும் என்றால் அவர் மனைவி. வேறு யார் இருக்கிறார்கள்? பாப்பாவுக்குப் பதினொரு மாதம்தான் ஆகிறது. அவ்வளவு நீளமான வார்த்தை அதற்கு இன்னும் வராது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினைந்து வருஷமாக லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு உலகம் தெளிவாகத் தெரிவதே தன் புண்ணியத்தில்தான் என்று மனசுக்குள் ஒரு கர்வம். அப்பேர்ப்பட்டவரின் மனைவி, மாடி வீட்டு டிரில் மாஸ்டர் எடுத்த ஒரு மரங்கொத்திப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக உருகிக்கொண்டிருந்தாள்.

"கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்திருக்கு பாருங்க. அடேயப்பா!"

"மரங்கொத்தின்னா மரத்தைக் கொத்தும். இதுல என்ன அடேயப்பா?"

"நீங்க எடுத்தா மரம் மட்டும்தான் வரும்."

லென்ஸ்காரருக்குக் காதில் புகை வந்தது.

கேமரா வேண்டும் என்று அவள் இதற்கு முன் மூன்று முறை கேட்டிருக்கிறாள். பாப்பா தவழ ஆரம்பித்தபோது, எழுந்து நின்றபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தபோது. கைப்பேசியில் எடுத்த படத்தில் எல்லாம் பிள்ளை ஒரு புகைபோல இருந்தது. "இந்த வயசு திரும்ப வராதுங்க. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வளர்ந்துடுது. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "குழந்தை எங்கே ஓடிடப் போகுது?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டவர்தான் இவர்.

இப்போது அவரே வாயைத் திறந்தார். "இன்னிக்குக் கேமரா வாங்கறோம்."

"வேண்டாங்க. அதெல்லாம் மாஸ்டர் மாதிரி ஆளுங்களுக்குத்தான் வரும்."

"கிளம்பு!"

பார்வையைச் சோதிக்கும் எழுத்து அட்டை ஒன்றைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவர் கேமராக் கடைக்குள் நுழைந்ததைக் கண்டு, கவுண்டரில் இருந்த பெண் திகைத்துப் போனாள்.

"எதுக்கு சார் கேமரா? விளையாட்டு எடுக்கவா, பறவை, மிருகம் எடுக்கவா, இல்ல பொதுவா வீட்டுக்கா?"

"மூணுக்கும்" என்றாள் மனைவி. "ஓடறது சட்டுனு சிக்கணும். தூரத்துல இருக்கறது கிட்ட வரணும். வீட்டுக்குள்ள வெளிச்சம் கம்மியா இருந்தாலும் முகம் தெரியணும்."

"அப்ப இதை எடுத்துக்கங்க மேடம். கையில லேசா இருக்கும். ஓடற ஆளோட கண்ணை அதுவே தேடிப் பிடிச்சுக்கும். அழுத்தினா ஒரு நொடிக்கு இருபது படம். நம்ம ஊர்ப் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்கூட இதைத்தான் வாங்கினார்."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அவர் வச்சிருக்கறதா? அதைத் தூக்கி உள்ள வைங்க" என்றார் லென்ஸ்காரர். "இந்த அட்டையை அந்தச் சுவத்துல மாட்டுங்க. எந்தக் கேமரா கடைசி வரியைப் படிக்குதோ, அதான் கேமரா."

"சார், அட்டை ஓடாதே?"

"எங்க கடையிலயும்தான் ஓடறதில்லை. நாங்க கண்ணாடி போட்டு அனுப்பலையா?"

ஆறு கேமராக்கள் வரிசையாகப் பார்வைச் சோதனைக்கு உட்பட்டன. ஐந்து பேருக்குக் கடைசி வரி மங்கல். ஆறாவது ஆள் செங்கல் கனம், அம்மிக்கல் சைஸ். ஆனால் கடைசி எழுத்தின் வால்வரைக்கும் படித்துவிட்டது. லென்ஸ்காரர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நிதானமா ஃபோகஸ் பண்ற கேமரா சார் இது. கட்டடம், மலை, நகைன்னு எடுக்கறவங்க வாங்குவாங்க" என்று அந்தப் பெண் சொன்னது அவர் காதில் விழவில்லை.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பிடிக்கலைன்னா மாத்தித் தருவீங்களா?"

"பத்து நாள் டைம் மேடம்."

அடுத்த வாரம் முழுக்க லென்ஸ்காரர் வேட்டைக்குப் போனார். காக்கை பறந்தது; காலிக் கம்பி கிடைத்தது. அணில் ஓடியது, மதில்சுவர் கிடைத்தது. பூங்காக் குளத்தில் ஓர் ஆமை மட்டும் பெரிய மனசு பண்ணி ஒத்துழைத்தது. அதையும் இரண்டாவது தடவை எடுப்பதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டது. வீட்டிலோ, புதன்கிழமை சாயங்காலம் பாப்பா சுவரை விட்டுவிட்டுத் தன்னந்தனியாக நாலு எட்டு நடந்தது. கேமரா யோசித்தது. இன்னும் யோசித்தது. 'கிளிக்' என்றபோது கதவுத் திரையும் ஒரு சின்னக் குதிகாலும் அற்புதமான தெளிவில் விழுந்தன. திரையின் நூலை எண்ணலாம்.

மனைவி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்தக் குதிகாலை விரலால் தொட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில் ஓட்டப்பந்தயம். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, மாஸ்டரிடமே வித்தையைக் கேட்டுவிடுவது என்று போனார். மாஸ்டர் வாயில் விசில், தோளில் கேமராப் பை. பைக்குள் கேமரா இல்லை. அது எல்லைக் கோட்டருகே, தரையில் குப்புறப் படுத்திருந்த மாஸ்டர் மனைவியின் கையில் இருந்தது. பட்பட்பட்டென்று சுட்டுக்கொண்டிருந்தாள்.

லென்ஸ்காரரைக் கண்டதும் மாஸ்டரின் முகம் கடுகடுத்தது.

"வாங்க, மரங்கொத்தி சார்."

"நானா? நீங்கதானே அதை எடுத்தது?"

"கேலி பண்றீங்களா? நீங்க எடுத்த அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி என் வீட்டுக்காரி மூணு மாசம் என் உயிரை வாங்கினா. 'கீழ் வீட்டு சார் கையில என்ன நிதானம், கண்ணுல என்ன கூர்மை, அவரைப் பாத்துக் கத்துக்கங்க'ன்னு. பொறுக்க முடியாமத்தான் சார் இந்தச் சனியனை வாங்கினேன். வாங்கின அன்னிக்கு அவ கைக்குப் போனது, இன்னும் திரும்பல. நமக்குப் பையைத் தூக்கற வேலை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் யாரோ ஜெயித்தார்கள். யார் என்று அவர்கள் கவனிக்கவில்லை.

லென்ஸ்காரர் வீட்டுக்குள் புயல்போல நுழைந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்ததால், மெதுவான புயல்.

"அந்த மரங்கொத்தியை யார் எடுத்தது?"

"யாருக்குத் தெரியும்? பல் டாக்டர் ரூம்ல காலண்டர்ல இருந்தது. நானும் மாடி வீட்டு அக்காவும் கைப்பேசில பிடிச்சுக்கிட்டோம்."

"கேமரா வேணும்னு என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே?"

"மூணு தடவை நேரா கேட்டேன். குறட்டைதான் பதிலா வந்தது." அவள் கேமராவை அதன் பெட்டியில் வைத்து மூடினாள். "நாளையோட பத்து நாள் முடியுது. காலையில போய் அந்த லேசானதா மாத்திட்டு வந்துடறேன். புதன்கிழமை நடந்ததுதான் போச்சு. ஓட ஆரம்பிக்கறதாவது எனக்கு வேணும்."

நியாயமாக அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வயிற்றில் இரண்டு வாரமாக எரிந்த நெருப்பு அணைந்து, அங்கே குளுகுளுவென்று ஏதோ ஊறியது.

"அப்ப அந்த மாஸ்டர் மேல உனக்கு ஒண்ணும் பெரிய மதிப்பு இல்லையா?"

"அவர் மேலயா? விசில் இல்லாம பாத்தா எனக்கு அடையாளமே தெரியாது."

லென்ஸ்காரர் கண்ணாடி முன் போய் நின்றார். தலையை ஒரு பக்கம் வாரிக்கொண்டார். இன்னொரு பக்கமும் வாரிக்கொண்டார்.

"இருந்தாலும் பாரு, மாடி வீட்டம்மா மூணு மாசம் என்னையே புகழ்ந்திருக்காங்க. நிதானமாம், கூர்மையாம். மனசுல ஏதோ பட்டிருக்கணும். இல்லாமலா அப்படியெல்லாம் வாயில வரும்?"

பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"உங்களைப் பத்தி என்ன சொல்றதுன்னே தெரியலைன்னு அக்கா முழிச்சாங்க. நான்தான் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன்."