இருபத்திரண்டு அங்குலம் போதும்

"தம்பி, இந்த ரெண்டு வெல டேக்கும் மாறிப் போச்சு போல."

மலேசியாவின் ரவாங் டவுனில் இருந்த அந்த எலெக்ட்ரிக் சாமான் கடையில் பரமேஸ்வரன் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். இருபத்திரண்டு அங்குல டிவியின் மேல் விலை 899 வெள்ளி என்று ஒட்டியிருந்தது. பக்கத்தில், மேசையாகப் போட்டுச் சாப்பிடலாம் போல அகலமாக இருந்த நாற்பத்துமூன்று அங்குலத்துக்கு 849.

"மாறல அங்கிள்," என்றார் விற்பனையாளர் யுகேந்திரன். "சின்னதுதான் வெல ஜாஸ்தி."

"ஏன், உள்ள தங்கம் வெச்சிருக்கானா?"

"யாரும் கேக்கிறதில்ல லா அங்கிள். நாப்பத்துமூணு ஃபேக்டரியில மலை மாதிரி செஞ்சு குவிக்கிறான். பெரிய கண்ணாடிய வெட்டும்போதே அந்த சைஸுக்குத்தான் வெட்டுறான். சின்னதுக்கு மெஷின நிறுத்தி, எல்லாத்தையும் மாத்தி, கொஞ்சமா செய்யணும். இங்க மாசத்துக்கு ஒன்னு வித்தா பெரிசு. அதுவரைக்கும் அது நிக்கிற எடத்துக்கு வாடகை யாரு குடுப்பா?"

பரமேஸ்வரனுக்குப் புரிந்தது. புரிந்ததால் மனம் ஆறவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருபத்தேழு வருடமாகச் சாமான் வாங்கிப் போடுகிறவர் அவர். கூடக் காசு கொடுத்துக் குறைவாக வாங்கிய பழி இதுவரை அவர்மேல் விழுந்ததில்லை.

"எனக்குச் சின்னதே போதுங்க," என்றார் மனைவி தனலெட்சுமி. "கேபினெட்டுக்குக் கீழ அவ்ளோதான் எடம்."

"அதுக்காக அம்பது வெள்ளி கூடக் குடுத்து பாதி டிவி வாங்கச் சொல்றியா தனம்?"

தனம் வெளியே போய்க் கார் கதவைத் திறந்துவிட்டார். நாற்பத்துமூன்று அங்குலம் காரின் பின் சீட்டில் ஏறியது.

அன்று பரமேஸ்வரனின் லீவின் முதல் நாள். ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்து வாங்கிய லீவு. காலை ஐந்தே முக்கால் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே தூங்கிப் பழகிய மனிதர், இந்த ஐந்து நாளும் ஹாலில் உள்ள நீள சோபாவில் படுத்துக்கொண்டே தூங்குவது என்று முடிவு செய்திருந்தார். பினாங்கு வேண்டாம், கேமரன் மலை வேண்டாம். சோபா போதும்.

அதற்குள் தனத்தின் கைப்பேசி ரசத்தில் விழுந்துவிட்டது. சர்க்கரை டின்னில் சாய்த்து வைத்து நாடகம் பார்த்துக்கொண்டே சமைப்பது அவர் வழக்கம். தினமும் விடியுமுன் பள்ளிக்கூட கேண்டீனுக்கு அறுபது பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு கட்டுகிறவர். அந்த நேரத்தில் பேச்சுத்துணைக்கு வேறு யார் இருக்கிறார்கள்? "சமையலறையில ஒரு சின்ன டிவி," என்று அவர் கேட்டபோது பரமேஸ்வரன் உடனே சரி என்றார். சமையலறையையே மாற்றிக் கட்ட வேண்டும் என்று பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் தனம். இவரும் பதினோரு வருடமாக "அடுத்த வருஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன தீபாவளியோடு அந்தப் பேச்சு நின்றுபோனதில் இவருக்கு ரொம்ப நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஒரு சின்ன டிவி என்ன பெரிய விலை?

வீட்டில் டிவியைக் கேபினெட்டுக்குக் கீழே நிறுத்திப் பார்த்தார். நுழையவில்லை. படுக்க வைத்தால் நுழைந்தது. ஆனால் அப்படிப் பார்க்கத் தனமும் படுக்க வேண்டும்.

"கேபினெட்ல ஒரு பெட்டிய மட்டும் கழட்டிட்டா மாட்டிடலாம்," என்றார். டிவியைத் தற்காலிகமாகச் சோபாவில் வைத்தார்.

நான்கு திருகாணிதான். மூன்றாவதைக் கழற்றும்போதே பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. நான்காவதற்கு வேலையே இல்லை. பக்கத்துப் பெட்டியையும் அதற்கடுத்த பெட்டியையும் இழுத்துக்கொண்டு முழு வரிசையும் அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. உள்ளே பலகை என்று ஒன்றும் இல்லை. கரையான் தின்றுவிட்டுப் பெயின்டை மட்டும் மரியாதைக்கு விட்டு வைத்திருந்தது.

தட்டு, டம்ளர், மசாலா டின்கள் எல்லாம் தப்பித்தன. தனம் முதல் நாள்தான் அவற்றையெல்லாம் எடுத்துக் கழுவிக் கூடையில் வைத்திருந்தார். நல்லவேளை என்று பரமேஸ்வரன் நினைத்துக்கொண்டார். கூடைகள் சோபாவுக்குப் போயின.

மறுநாள் காலி சுவரில் டிவியை மாட்ட டிரில் போட்டார். முதல் ஓட்டை அருமையாக விழுந்தது. இரண்டாவதிலிருந்து தண்ணீர் வந்தது.

"மெயின் வால்வ் எங்க? மெயின் வால்வ் எங்க தனம்?"

"கேட்டுக்குப் பக்கத்துல," என்றார் தனம். அவர் வாளியோடு தயாராக நின்றார்.

பிளம்பர் பதினைந்து நிமிடத்தில் வந்தார். போன வருடம் டாய்லெட் அடைத்தபோது ஒன்பது நாள் வராத மனிதர். தன் நேரம் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பரமேஸ்வரன் ஆறுதல் பட்டார். பைப்பைச் சரி செய்ய எட்டு டைல்களை உடைக்க வேண்டியிருந்தது.

"இந்த டிசைன் இப்ப எங்கயும் இல்லண்ணே," என்றார் பிளம்பர். "பழைய ஸ்டாக் வெச்சிருக்கிறவன் தங்க வெல சொல்லுவான். எட்டுக்குக் குடுக்கிற காசுல முழுச் சுவருக்கும் புதுசு போட்டுடலாம்."

"எட்டு மட்டும் போதுங்க," என்றார் தனம்.

பரமேஸ்வரன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இவ்வளவு வருடம் ஒரு ஸ்டோர் கிளார்க்கோடு குடும்பம் நடத்தியும் கணக்கு ஏறவில்லையே! "முழுச் சுவரும் போடுங்க," என்றார்.

டைல் வேலை இரண்டு நாள் ஓடியது. அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, ஆட்டுக்கல், இட்லிப் பானை எல்லாம் ஹாலுக்கு வந்தன. சோபாவின் ஒரு நுனி மட்டும் மிஞ்சியது. பரமேஸ்வரன் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்து, கடையில் பொட்டலமாகத் தாப்பாவ் வாங்கி வந்த மீ கோரெங் நூடுல்ஸைச் சாப்பிட்டார். இதற்குக் கொமுட்டரே தேவலாம் என்று தோன்றியது. அங்கே யாரும் மடியில் மிக்ஸி வைப்பதில்லை.

"நாசி லெமாக் ஆர்டர் போச்சே தனம்."

"ஸ்கூல் லீவு தானேங்க."

அதுவும் நல்லதாகப் போயிற்று.

வியாழக்கிழமை மாலை சிலாயாங்கில் கேபினெட் செய்கிற சிவநேசனுக்குப் போன் போட்டார்கள். நம்பர் தனத்திடம் இருந்தது. விழுந்த பெட்டிகளின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஸ்பீக்கரில் சொன்னார்: "ரெண்டு பெட்டிய மட்டும் காப்பாத்தலாம்ணே. ஆனா அதுக்கு ஆகிற கூலி, புதுசா முழு செட் போடுறதவிட ஜாஸ்தி வரும்."

"ரெண்டு மட்டும் போதுங்க," என்றார் தனம், மிக மெதுவாக.

பரமேஸ்வரனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. "இந்த வீட்டுல சின்னது எதுவும் மலிவா கெடைக்காதா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். பிறகு போனைப் பார்த்து, "முழு செட்டே போடு தம்பி," என்றார். "காசுக்குத்தான்..."

"நாசி லெமாக் காசு இருக்கு," என்றார் தனம்.

பரமேஸ்வரனுக்குத் திக்கென்றது. எத்தனை விடியற்காலைகளின் காசு அது! அந்தக் கரையான் பெட்டிகளுக்கு அடியில் நின்றுதான் அவ்வளவையும் கட்டியிருக்கிறார். பதினோரு வருடமாக "அடுத்த வருஷம்" சொன்னது முதல் முறையாக அவருக்கே வெட்கமாக இருந்தது. மிக்ஸியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கே லோரி வந்துவிட்டது. சிவநேசனும் இரண்டு ஆட்களும் இளம்பச்சைப் பெட்டிகளை இறக்கினார்கள். ஒன்றுக்கும் இழைப்போ வெட்டோ தேவைப்படவில்லை; புதுச் சுவரில் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. மதியத்துக்குள் சோபாவிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசியாகப் போனது மிக்ஸி. காலியான சோபாவைப் பரமேஸ்வரன் ஏக்கத்தோடு பார்த்தார். திங்கட்கிழமை வேலை. ஐந்து நாள் லீவில் ஐந்து நிமிடம்கூட அவர் அதில் கால் நீட்டவில்லை.

உள்ளே தனம் புதுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இத்தனை சந்தோஷமாக அவர் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! சரி, எப்படியோ தன் கணக்குப் புத்தியால் அவருக்கு ஒரு புதுச் சமையலறை கிடைத்துவிட்டது என்று பரமேஸ்வரன் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"டிவிய குடுங்கண்ணே," என்றார் சிவநேசன்.

நடுவில் ஒரு பெட்டி மட்டும் கதவில்லாமல் அகலமாகத் திறந்திருந்தது. நாற்பத்துமூன்று அங்குல டிவி அதற்குள் வழுக்கிக்கொண்டு போய், நான்கு பக்கமும் ஒரு விரல் இடைவெளியோடு கச்சிதமாக நின்றது. பின்னால் பிளக் பாயின்ட்கூட இருந்தது.

பரமேஸ்வரன் டிவியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"தம்பி, நேத்து சாயங்காலம்தானே போன் பண்ணோம். ஒரே நாள்ல எப்படி செஞ்ச? டிவி சைஸ் உனக்கு யாரு சொன்னா?"

தனம் அவசரமாகக் காப்பி போடப் போனார். சிவநேசன் திருப்புளியைப் பையில் போட்டபடி சிரித்தார்.

"ஒரே நாள்ல எங்கண்ணே செய்ய முடியும்? சீனப் பெருநாளுக்கு முன்னாடியே அக்கா கடைக்கு வந்து அளவு குடுத்துட்டாங்க. 'நான் இருவத்திரெண்டுதான் கேப்பேன், அவரு நாப்பத்துமூணுதான் வாங்குவாரு, அதுக்கு எடம் விட்டுடுங்க'ன்னாங்க."